நாலு கலம் மூச்சு

பயிற்சி முடிந்து வந்த நாளிலிருந்து காஞ்சனாவின் கண் தூங்குகிறவர்களின் வயிற்றில்தான் போய் நின்றது. படப்பை பஸ்ஸில் முன்சீட்டில் வாய் பிளந்து உறங்கிய பெரியவருக்கு நிமிஷத்துக்குப் பதினாறு. கம்பியில் சாய்ந்து கண்ணயர்ந்த கண்டக்டருக்குப் பதினெட்டு. கண்டக்டர் திடுக்கென்று விழித்து, இந்த நர்ஸம்மா எதற்குத் தன் வயிற்றையும் கைக்கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்க்கிறாள் என்று விளங்காமல் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். காஞ்சனா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினாள்.

மூன்று நாள் பயிற்சியில் காஞ்சிபுரத்து டாக்டரம்மா சொல்லித் தந்ததைச் சுருக்கினால் ஒரு உள்ளங்கையில் எழுதிவிடலாம். சளி, இருமல், காய்ச்சல் எல்லாக் குழந்தைக்கும் வரும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானே போகும். பால் கொடுத்து, கதகதப்பாக வைத்து, மூக்கை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும். நூற்றில் சில குழந்தைகளுக்கு மட்டும் அது நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியா ஆகும். இறங்கிவிட்டதா என்று அறியக் காதில் மாட்டும் குழாய் வேண்டாம், எக்ஸ்ரே படம் எடுக்க வேண்டாம். குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிஷம் வயிற்றைப் பார்த்து மூச்சை எண்ண வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஐம்பதைத் தொட்டால் மாத்திரை. மூச்சு இழுக்கும்போது விலாவின் அடிப்பக்கம் உள்ளே குழிந்தால், பால் குடிக்க முடியாமல் போனால், உடனே ஆஸ்பத்திரி.

இவ்வளவுதானா என்று மற்ற நர்ஸுகள் கொட்டாவி விட்டார்கள். காஞ்சனா மட்டும் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டாள். சென்ற கார்த்திகையில் ஒரகடம் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் செல்லம்மாள் தன் குழந்தையைக் கொண்டுவந்து காட்டினாள். அதன் வயிறு குருவி வயிறுபோலத் துடித்ததைக் காஞ்சனா பார்த்தாள். பார்த்தாள்தான், எண்ணவில்லை. இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டாள். இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்; அந்தக் குழந்தை அங்கே பன்னிரண்டு நாள் கிடந்து பிழைத்தது. அதற்குப் பிறகு வழியில் காணும்போதெல்லாம் செல்லம்மாள் கையெடுத்துக் கும்பிடுவாள்: நீங்க குடுத்த மருந்துதான் பிள்ளையை ஆஸ்பத்திரி வரைக்கும் தாக்குப்பிடிக்க வெச்சுது. வைதிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். அந்தக் கும்பிடு தீரவில்லை. தனக்குரியதல்லாத பொருளை யாரோ மடியில் கட்டிவிட்ட மாதிரி அவள் அதைச் சுமந்துகொண்டு திரிந்தாள்.

ஆகவே தன் பொறுப்பிலிருந்த சேரப்பணஞ்சேரியில் இறங்கியபோது அவளிடம் ஒரு கடிகாரமும், ஒரு டப்பா மாத்திரையும், இனி ஒரு குழந்தையையும் தவறவிடுவதில்லை என்ற வீறாப்பும் இருந்தன. இல்லாமற்போனது எண்ணுவதற்கு ஒரு வயிறு.

ஊரில் யாரும் எண்ண விடவில்லை. சந்தோஷமாக ஊசிக்குப் பிள்ளையை நீட்டுகிற பெண்கள், கடிகாரத்தைக் கண்டதும் முந்தானையை இழுத்துக் குழந்தையின் வயிற்றை மூடினார்கள். தலையில் எழுதுகிறபோதே ஆண்டவன் இத்தனை மூச்சு என்று எழுதி அனுப்புகிறான், அதைப் போய் எண்ணினால் எண்ண எண்ணக் குறையும் என்றார்கள். பூசணிப் பிஞ்சைக்கூட விரல் நீட்டி எண்ணாத ஊர் அது. படப்பையிலிருந்து சைக்கிளில் வரும் ஊசி வைத்தியன் பரசுராமன் எதையும் எண்ணுவதில்லை. சளியா, ஊசி, இருமலா, ஊசி, சுளுக்கா, அதற்கும் ஊசி. அவன் கைராசிக்காரன் என்று பெயர். காஞ்சனா ஊசி போடத் தெரியாத நர்ஸ் என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்தாள். இதில் தனக்கு வலிப்பது குழந்தைகளுக்காகவா, பரசுராமனின் பெயருக்காகவா என்று ஒருநாள் தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் அவ்வளவு கௌரவமாக இல்லை. இரண்டும்தான்.

சரோஜாவின் குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது என்று கேள்விப்பட்டு அவள் ஏரிக்கரைக் களத்துக்குப் போனது ஒரு காலை வேளையில். அறுவடை முடிந்து போரடித்துக்கொண்டிருந்தார்கள். பனி இன்னும் வைக்கோலில் ஈரமாக இருந்தது. தூசியில் களமே இருமியது. புங்கமரத்தில் கட்டிய தூளியில் ஒன்பது மாதக் குப்பு கிடந்தாள். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்தவள். கண் படக்கூடாதென்று அழகான பெயர் வைக்காமல் குப்பம்மாள் என்று வைத்திருந்தார்கள். அப்படிப் பெயர் வைத்தும் பயம் போகாமல் கன்னத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று என்று மை.

சரோஜா முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். குழந்தையைப் பார்க்கலாம், தொடலாம், வாயைத் திறந்து பார்க்கலாம். அந்தக் கடிகாரம் மட்டும் பைக்குள்ளே இருக்கட்டும் என்றாள்.

"ஏழு வருசம் எண்ணினேன் நர்ஸம்மா, மாசாமாசம். எண்ணி எண்ணி இன்னா கண்டேன்? எண்றத வுட்ட வருசந்தான் இது வந்துது. மறுபடி எண்ண வெக்காதீங்க."

காஞ்சனா பையை மூடினாள். புங்கமரத்தடியிலேயே நின்றாள். சரோஜாவின் பயம் மூடத்தனம் என்று நினைக்க முயன்றாள், முடியவில்லை. ஏழு வருஷம் ஒரு தேதியை எண்ணியவளுக்கு எண்ணிக்கை என்பது வேறு பொருள்.

அப்போது களத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் ராகமாக எழுந்தது. "லாபம்... ரெண்டே ரெண்டு... மூணே மூணு..." சரோஜாவின் புருஷன் எல்லப்பன் மரக்காலால் நெல் அளந்துகொண்டிருந்தான். ஒன்று என்று சொல்லமாட்டான், லாபம் என்றுதான் தொடங்குவான். பன்னிரண்டு மரக்கால் ஆனதும் ஒரு கலம், மறுபடி லாபம். சுற்றுவட்டாரத்தில் எந்தக் களத்திலும் நெல் அளக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். பக்கத்தில் நின்று கிண்டல் செய்தாலும், காதில் வைக்கோலை விட்டாலும் கணக்குத் தவறாது என்பது அவன் பெருமை.

காஞ்சனா அவனருகில் போய், மூச்சை எண்ணினால் குறையும் என்றால் நெல்லை மட்டும் எண்ணலாமா எல்லப்பண்ணே என்று கேட்டாள். கேட்டது சண்டைக்குத்தான். அவன் மரக்காலைக் கவிழ்த்துவிட்டு அவளை இரக்கத்தோடு பார்த்தான்.

"எண்றது வேற, அளக்கறது வேற. எண்ணினா கொறயும். அளந்தா பொலியும். இது தெரியாமயா கவுருமெண்டுல வேல குடுத்தாங்க?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். காஞ்சனாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கையில் மனசுக்குள் ஏதோ கதவு திறந்தது.

"அப்ப குப்புவோட மூச்ச அளந்து குடுங்க," என்றாள்.

எல்லப்பன் பெண்டாட்டியைப் பார்த்தான். சரோஜா யோசித்தாள். அளப்பதில் குற்றம் கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. கடைசியில், சத்தம் போட்டுப் பிள்ளையை எழுப்பினால் மரக்காலாலேயே அடிப்பேன் என்று சொல்லி வழிவிட்டாள்.

எல்லப்பன் கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு தூளியருகில் குந்தினான். காஞ்சனா முள்ளைப் பார்த்து "ம்" என்றதும் அவன் தொடங்கினான். கிசுகிசுப்பில்கூட அந்த ராகம் போகவில்லை. குப்புவின் வயிறு ஏற, லாபம். ஏற, ரெண்டே ரெண்டு. முள் ஒரு சுற்று வந்து காஞ்சனா "போதும்" என்றபோது, மூணு கலமும் ரெண்டு மரக்காலும் என்றான். முப்பத்தெட்டு. வெறும் சளி. காஞ்சனா அதைக் குறித்துக்கொண்டாள். மருந்து வேண்டாம், ஊசியும் வேண்டாம் என்றாள். பால் நிறுத்தக் கூடாது, போர் தூசிப் பக்கம் தூளி கட்டக் கூடாது, உப்புத்தண்ணீரில் துணியை நனைத்து மூக்கைத் துடைக்க வேண்டும். காலையும் மாலையும் அளக்க வேண்டும். நாலு கலமும் ரெண்டும் ஆனால் எங்கிருந்தாலும் தன்னிடம் ஓடிவர வேண்டும்.

அந்த வாரம் சேரப்பணஞ்சேரியில் எல்லப்பனுக்குக் களத்து வேலையைவிடத் தூளி வேலை அதிகமாகிவிட்டது. கல்யாணத்துக்கு மாமனார் போட்டு, நின்றுபோய்ப் பெட்டியில் கிடந்த கடிகாரத்தைப் படப்பையில் கொடுத்து ஓட வைத்துக்கொண்டு வந்தான். முந்தானையால் மூடிய பெண்களே இப்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டு வாசலில் நின்றார்கள். யார் வீட்டுப் பிள்ளை எத்தனை கலம் என்பது குழாயடிப் பேச்சாயிற்று. பரசுராமன் சைக்கிளை நிறுத்தி, இதென்ன மூச்சுக்கு அரவை மில்லா என்று கேட்டானாம். உனக்கு வேண்டுமானால் அளக்கிறேன், அளக்கும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டிரு என்றானாம் எல்லப்பன். காஞ்சனா இதையெல்லாம் கேட்டுப் பூரித்தாள். சென்ற கார்த்திகையின் கும்பிடு கொஞ்சம் எடை குறைந்தது போலிருந்தது. தான் கண்டுபிடித்த வழி, தன்னால் வந்த வழி என்று பஸ்ஸில் போகும்போது உள்ளுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சொல்லச் சொல்ல இனித்தது.

சனிக்கிழமை. மூன்று வாரம் கழித்து ஊருக்குப் போகிற நாள். காஞ்சிபுரத்தில் அம்மா காத்திருப்பாள், தங்கை சினிமாவுக்கு நேரம் பார்த்து வைத்திருப்பாள். சுங்குவார்சத்திரம் போகும் நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்கக் கைப்பையோடு நடந்தவள், போகிற வழிதானே என்று எல்லப்பன் வீட்டில் எட்டிப் பார்த்தாள்.

காலையில் மூணு கலமும் ஒன்பதும், இப்போது சரியாக நாலு கலம் என்றான் எல்லப்பன். "இன்னும் ரெண்டு மரக்கா கொறயுது நர்ஸம்மா. வண்டி வந்துடும், நீங்க கெளம்புங்க. நான் பாத்துகினு கீறேன்."

நாலு கலம், நாற்பத்தெட்டு. ஐம்பதுக்குள்தான். காஞ்சனா சரி என்று திரும்பினாள். தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. வாசற்படியில் ஒரு கால் வைத்தவளுக்கு, தூளிக்குள் கண்ட வயிறு கண்ணைவிட்டுப் போகவில்லை. குருவி வயிறு. இதை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்பது தெரிந்ததும் கைப்பையைக் கீழே வைத்தாள்.

தானே எண்ணினாள். உதடு அசையாமல், சரோஜாவுக்குத் தெரியாமல். ஐம்பத்திரண்டு.

எண்ணிக்கை தவறியிருக்கும் என்று, எல்லப்பனை மறுபடி அளக்கச் சொல்லிக் கூடவே எண்ணினாள். அவனுக்கு நாலு கலம். அவளுக்கு ஐம்பத்திரண்டு. கடிகாரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு முள்ளும் ஒன்றாகத்தான் ஓடின. மூன்றாம் முறையும் அதே நாலு வித்தியாசம். நெல்லில் ஒரு மரக்கால் தவறாதவன் அவன். அவளோ செல்லம்மாளின் குழந்தையிடம் தவறியவள்; ஊர் அறியாவிட்டாலும் அவள் அறிவாள். அப்படியானால் தப்பு யார் பக்கம்? பஸ் வந்து நின்று, யாரும் ஏறாததால் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

"எல்லப்பண்ணே, இந்தத் தடவ நான் எண்ணல. நீங்க அளங்க, நான் உங்க வாயையும் கொழந்த வயித்தயும் பாக்கறேன்."

லாபம், ரெண்டே ரெண்டு. வயிறும் வாயும் ஒன்றாகவே போயின. பதினொண்ணு, பன்னெண்டு. அதற்குப் பிறகு குப்புவின் வயிறு ஒருமுறை ஏறி இறங்கியது; எல்லப்பனின் வாய் மூடியிருந்தது. கண் மட்டும் ஒரு நொடி மேலே போய் வந்தது. அடுத்த மூச்சுக்கு, லாபம்.

காஞ்சனா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். பன்னிரண்டுக்குப் பிறகு ஒரு மூச்சு போயிற்றே, அது எங்கே என்று கேட்டாள்.

எல்லப்பன் அவளைப் பார்த்த பார்வையில் குற்றம் துளியும் இல்லை. "அது சாமி பங்கு."

அவன் அப்பன் அளந்தபோதும் அப்படித்தானாம். கலம் முடிந்ததும் ஒரு கைப்பிடி நெல்லை அள்ளி அம்மனுக்கென்று ஓரமாகப் போடுவார்கள். அதற்கு எண் சொல்வதில்லை. சாமிக்குக் கொடுத்ததை வாய்விட்டுச் சொன்னால் கொடுத்ததாகுமா? ஏழு வருஷம் கழித்து அந்த அம்மனே கொடுத்த பிள்ளையின் மூச்சை அளக்கும்போது கலத்துக்கு ஒன்று அவளுக்கு விடாமல் எப்படி அளப்பது?

காஞ்சனா விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள். கலத்துக்கு ஒன்று, நாலு கலத்துக்கு நாலு. அன்றைய முப்பத்தெட்டு உண்மையில் நாற்பத்தொன்று. ஊரில் இத்தனை குழந்தைகளுக்கு அளந்தது எல்லாமே மூன்றோ நாலோ குறைவு. தன் வழி என்று பஸ்ஸில் தித்திக்கத் தித்திக்கச் சொல்லிக்கொண்டாளே, ஒருநாளாவது கூட எண்ணிப் பார்த்தாளா? முள்ளைப் பார்ப்பது தன் வேலை, வயிற்றைப் பார்ப்பது அவன் வேலை என்று விட்டுவிட்டாள். இரண்டாம் தடவையும் பார்த்தாள், எண்ணவில்லை.

ஆனால் இந்தத் தடவை பஸ்ஸில் ஏறவில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள்.

சரோஜாவிடம் மறைக்காமல் சொன்னாள். ஐம்பதைத் தாண்டிவிட்டது, சளி நெஞ்சுக்குள் இறங்குகிறது. இப்போதுதான் இறங்குகிறது, இன்றே பிடித்தால் வீட்டிலேயே குணமாகும். நான் உனக்குத் தெரியாமல் எண்ணினேன், அதற்கு என்னைத் திட்டு. மருந்தை மட்டும் வேண்டாமென்று சொல்லாதே. சரோஜா திட்டவில்லை. புருஷனை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு தூளியைப் பார்த்தாள். குப்புவைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, சட்டையை நெஞ்சு வரைக்கும் தானே சுருட்டிவிட்டாள்.

"நீங்களே எண்ணுங்க நர்ஸம்மா. வாய்வுட்டு எண்ணுங்க. ஒண்ணு வுடாம, சாமிதும் சேத்து."

காஞ்சனா வாய்விட்டு எண்ணினாள். ஒன்று என்று தொடங்கப் போனவள் நிறுத்தி, லாபம் என்று தொடங்கினாள். ஐம்பத்திரண்டு. விலாவின் அடிப்பக்கம் குழியவில்லை. மார்பில் வைத்ததும் குப்பு இருமிக்கொண்டே பிடிவாதமாகக் குடித்தாள். ஆஸ்பத்திரி வேண்டியதில்லை. டப்பாவைத் திறந்து இரண்டு சின்ன மாத்திரைகளை நசுக்கித் தாய்ப்பாலில் குழைத்துப் புகட்டினாள். குப்பு பாதியை நர்ஸம்மாவின் வெள்ளைச் சேலையில் துப்பினாள். இன்னும் இரண்டு நசுக்கி, இந்தத் தடவை மூக்கின் நேரே சரோஜா வளையலை ஆட்டிக்காட்ட, உள்ளே போயிற்று. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, ஐந்து நாள். நடுவில் சரியாகிவிட்டதென்று நிறுத்தக் கூடாது. மூச்சு வாங்கினாலோ பால் மறுத்தாலோ நேராக ஆஸ்பத்திரி.

மருந்து வயிற்றில் தங்குகிறதா என்று பார்க்க ஏழு மணி பஸ் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எல்லப்பன் மூலையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தான். அவன் சோர்ந்துபோனது கணக்குத் தவறியதற்காக அல்ல. தவறவே இல்லையே, எப்படித் தப்பாயிற்று என்பது அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. காஞ்சனாவுக்கு அவனைக் கடிந்துகொள்ளத் தோன்றவில்லை. அவன் சொல்லாமல் விட்ட மூச்சுக்குக் காரணம் நன்றி. தான் விட்டதற்கு அப்படி ஒரு நல்ல காரணம்கூட இல்லையே என்று நினைத்துக்கொண்டாள். சாமி பங்கை நிறுத்த வேண்டாம், ஆனால் வாய்க்குள் விழுங்காமல் சொல்லிவிடு என்று கேட்டாள். எண் சொல்ல முடியாது என்றான். வெகுநேரம் பேரம் நடந்தது. எண் வேண்டாம், "சாமி" என்று மட்டும் சொல்லலாம் என்பதில் வந்து முடிந்தது. சாமி எத்தனை என்று எண்ணிக்கொள்வது நர்ஸம்மாவின் பொறுப்பு, அந்தப் பாவமும் அவளுக்கே.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கையால் சாப்பிட்டது எதுவும் நாக்கில் தங்கவில்லை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டாள். வழியில் எல்லப்பனிடம் அளந்துகொண்ட வீடுகளிலெல்லாம் ஏறி, நான் ஒருமுறை சரியாகப் பார்க்கவில்லை, மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். அப்படிச் சொல்வது நினைத்ததைவிட லேசாக இருந்தது. எல்லாம் சளிதான். ஒருத்தி, நர்ஸும் தப்பு பண்ணுவாங்களா என்று கேட்டாள். பண்ணுவேன், அதனால்தான் இரண்டு தடவை பார்க்கிறேன் என்றாள். மாலையில் அப்படியே ஒரகடம் பக்கம் நடந்து செல்லம்மாளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

குப்பு பாயில் கவிழ்ந்து நீந்திக்கொண்டிருந்தாள். மை இருந்த கன்னத்தில் இப்போது பால்சோறு இருந்தது. சரோஜா அவளை மல்லாத்திப் பிடித்துக்கொள்ள, எல்லப்பன் கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். காஞ்சனா ஒரு கண்ணைக் கடிகாரத்திலும் ஒரு கண்ணை வயிற்றிலும் வைத்தாள்.

"லாபம்... ரெண்டே ரெண்டு..." ராகம் அப்படியே இருந்தது. பன்னெண்டு வந்ததும் அவன் தயங்கி, கண்ணை மேலே உயர்த்தி, வெட்கத்தோடு "சாமி" என்றான். மறுபடி லாபம். மறுபடி பன்னெண்டு, சாமி. மூன்றாவது சாமியோடு முள் சுற்றி வந்தது.

முப்பத்தொன்பது. காஞ்சனா அதை உரக்கச் சொன்னாள். குப்பு மல்லாந்தபடியே எட்டி அவள் கடிகாரத்தைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள்.

"அத்தயும் சாமிக்கே வுட்டுடுங்க நர்ஸம்மா," என்றாள் சரோஜா. "வாயிலேர்ந்து புடுங்கினா அழுவும். அழுதா மறுபடி மொதல்லேர்ந்து அளக்கணும்."